வேங்கைப் பலகையின் சாட்சி

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. ஆற்றங்கரையில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஓர் அரசன். கொற்றவேலன் என்று பெயர். நல்லவன்தான். ஆனால் பொறுமை மட்டும் அவன் பிறந்த அன்றே வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று ஊரார் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், அவன் காதில் விழாது.

அந்தக் கோட்டைக் கதவு, ஈரம் காயாத மரத்தில் அவசர அவசரமாகச் செய்தது. புதிதில் பளபளவென்று இருந்தது. இரண்டு கோடை போனதும் கோணிக்கொண்டது. போன ஐப்பசியில் ஆறு பெருகிவர, கரையோரக் குடிகள் கோட்டைக்கு ஓடிவந்தார்கள். கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை. யானையைக் கொண்டுவந்து உடைப்பதற்குள், வெளியே நின்றவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் பிள்ளைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அரசனுக்கு அது பெரிய தலைகுனிவு. "அடுத்த ஐப்பசிக்கு முன்னால் புதுக் கதவு நிற்க வேண்டும்" என்று ஆணையிட்டான். வேங்கை மரம் வெட்டிப் பலகை அறுத்துக் கொண்டுவந்தார்கள். அதை உலர்த்தும் வேலை மாடத்தியிடம் போனது.

மாடத்தி மரம் உலர்த்தும் சூளைக்காரி. செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நாலு பக்கமும் மண்சுவர் வைத்த ஓர் அறை. தரைக்கு அடியில் அடுப்பு. சூடு மட்டும் மேலே வரும், நெருப்பு வராது. உள்ளே பலகைகளை அடுக்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக விரல் கனத்தில் குச்சி வைத்திருப்பாள். ஒரு மூலையில் அண்டா நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

"காயவைக்கிற இடத்தில் ஆவி எதுக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை.

"மேல்தோல் முந்திக் காஞ்சிட்டா உள்ளே இருக்கிற ஈரம் எந்த வழியா வெளியே வரும்? உங்க வீட்டு வழியாவா?" என்பாள். அப்படி ஒரு வாய் அவளுக்கு. தன் வேலையில் அப்படி ஓர் உறுதி.

தினமும் காலையில் ஒரே ஒரு துண்டை வெளியே எடுத்துத் தராசில் வைப்பாள். நேற்றைவிட எடை குறைந்திருந்தால் ஈரம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறைவது நிற்கும்வரை பலகையைத் தரமாட்டாள்.

ஆடியில் அரசன் குதிரையில் வந்தான். "என்ன மாடத்தி, ஆச்சா?"

"ஆகலை மகாராசா."

ஆவணியில் வந்தான். "ஆச்சா?"

"ஆகலை மகாராசா."

அரசனுக்குக் கோபம் மூக்கின்மேல் வந்துவிட்டது. "அடுத்த முறையும் இல்லை என்றால் இந்தச் சூளை உனக்கில்லை" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினான். அந்தச் சூளைச் சுவருக்கு மண் மிதித்துக் குழைத்தவள் மாடத்தி. அது போனால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

புரட்டாசியில் அரசன் வரவில்லை, ஆள் அனுப்பிச் சபைக்கு அழைத்தான். பலகையோடு போனாள். அங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இருளப்பன் நின்றுகொண்டிருந்தான். அவனும் சூளைக்காரன்தான். பொறுக்கமாட்டாத அரசன் அவனிடமும் கொஞ்சம் பலகை கொடுத்திருந்தான். அவன் காலடியிலும் ஒரு வேங்கைப் பலகை கிடந்தது.

"ஒன்பதே நாள், மகாராசா! நல்லா நெருப்பைப் போட்டேன், காஞ்சு போச்சு" என்றான்.

அமைச்சர் இரண்டு பலகையையும் தடவினார். தட்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவர் ஏன் அமைச்சர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ரம்பம் கொடுங்க. மரமே சொல்லட்டும்" என்றாள் மாடத்தி.

இருளப்பனின் பலகையில் குறுக்காக ஒரு துண்டு அறுத்தாள். அந்தத் துண்டின் நடுப்பகுதியை, அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு, வெட்டி எடுத்தாள். இரண்டு கால் உள்ள கவை மாதிரி ஆயிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு காலும் உள்பக்கம் வளைந்து, நண்டுக் கொடுக்குப் போல ஒன்றை ஒன்று கவ்வின.

"மேலே காஞ்சு கெட்டிப்பட்டிருக்கு, உள்ளே இழுபறி நடக்குது. இதிலே கதவு செஞ்சா பழைய கதவு மாதிரியே கோணும்" என்றாள். சபை ஆரவாரித்தது. இருளப்பன் தலையைத் தொங்கப் போட்டான்.

அடுத்து தன் பலகையில் கவை அறுத்தாள். நிமிர்ந்து நின்றது. சபை மறுபடி ஆரவாரித்தது. அவள் மட்டும் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இரண்டு நுனியும் ஒரு நெல்மணி அளவு உள்ளே சாய்ந்திருந்தன.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஆவணியில் அரசன் மிரட்டிவிட்டுப் போன பிறகு, வாய் "பொறு" என்று சொன்னாலும் கை அடுப்பில் இரண்டு விறகு கூடுதலாகப் போட்டிருந்தது. பயம் செய்த வேலை. கவையைக் கீழே போட்டுவிட்டால் போதும், சூளை அவளுக்கே. அந்தச் சாய்வை வேறு யாரும் கவனிக்கவில்லை.

மாடத்தி கவையை உயர்த்திக் காட்டினாள். "என்னுதும் வளையுது, மகாராசா. நான் பயந்து போய்ச் சூட்டைக் கூட்டிட்டேன். இன்னும் ஆகலை."

இருளப்பனால் பொறுக்க முடியவில்லை. "நீ சொல்லாமல் இருந்தா யாருக்கும்மா தெரியும்?"

"கதவுக்குத் தெரியும்" என்றாள் மாடத்தி.

"மூன்று முறை இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை நிறைவேற்ற வேண்டும், அரசே" என்றார் அமைச்சர்.

அரசன் அந்தக் கவையை வாங்கி, நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாழ்நாளில் முதல் முறையாகப் பொறுத்திருந்தான் என்றுகூடச் சொல்லலாம். பிறகு கேட்டான்: "இதைச் சரிசெய்ய முடியுமா?"

"முடியும். அடுப்பைக் கூட்டாமல் மூணு நாள் நல்லா ஆவி கொடுத்தா மேல்தோல் இளகும், இழுபறி அடங்கும். இருளப்பன் பலகையிலும் உள்ளே வெடிக்காததை எல்லாம் காப்பாத்திடலாம்."

"மிரட்டியது நான். அந்தப் பிழையில் பாதி என்னுடையது" என்றான் அரசன். "தன் பலகைக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னவளை விட்டுவிட்டு வேறு யாரை நம்பி என் குடிகளின் கதவைக் கொடுப்பேன்? சூளை உனக்கே."

மூன்று நாள் ஆவி ஓடியது. தண்ணீர் சுமந்தவன் யார் தெரியுமா? இருளப்பன். நாலாம் நாள் கவை அறுத்தார்கள். ஊசி போல நேராக நின்றது. தச்சர்கள் கதவைச் செய்து நிலையில் மாட்டினார்கள்.

ஐப்பசியில் ஆறு கரை உடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகள்தான் முதலில் மூழ்கின; அங்கிருந்தவர்கள் ஓடமேறிக் கோட்டைக்கு வந்தார்கள். காவல்காரன் ஒற்றைக் கையால் தள்ள, கதவு சத்தமில்லாமல் திறந்தது. கூட்டத்தோடு கூட்டமாக, நடக்க முடியாத தன் தாயை முதுகில் சுமந்துகொண்டு இருளப்பன் உள்ளே வந்தான். கதவருகே மாடத்தியைக் கண்டதும் அழுதுவிட்டான்.

ஆகவே கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: தன் தவறைத் தானே சபையில் எடுத்துச் சொல்லத் துணிந்தவர் கையில் எவ்வளவு பெரிய வேலையையும் நம்பி ஒப்படைக்கலாம்.