லாரிக்கு முன்னால் தொங்கியது

"வெயில்தான்மா கொன்னுடுச்சு," என்றார் இருளாண்டி.

பொய். உமையாளுக்கும் அது தெரியும்.

இருளாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயசு. முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர். ஊருக்கே ஊற்றியும் மனசு அடங்கவில்லை என்று லாரியை விற்றுவிட்டு உமையாளிடம் சீடராக வந்தார். திரும்பிப் போக அவருக்கு ஒன்றுமில்லை.

உமையாளுக்கு முப்பத்திரண்டு. அவர்தான் குரு. பாறைக்காட்டில் தோட்டம். கிணறு கிடையாது. மழைத்தண்ணித் தொட்டி ஒன்றுதான்.

வந்த அன்றைக்கே உமையாள் பேச்சை முடித்துவிட்டார். பன்னிரண்டு குட்டிக் கற்றாழை, உள்ளங்கை அளவு. இரண்டு மாசம் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணி மாசத்துக்கு ஒரு தடவை. ஒன்று செத்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

இன்றைக்கு ஏழு சட்டியில் அடி இலை கொழகொழவென்று கிடந்தது.

இருளாண்டியின் பை வாசலுக்கு வந்துவிட்டது. உமையாளே கொண்டுவந்து வைத்திருந்தார்.

ஒரு செடியைத் தொட்டார். இழுக்கக்கூட இல்லை. கையோடு வந்தது. வேர் கறுப்பு. ஒரே நாற்றம்.

அதை இருளாண்டியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"வெயில் இப்படியா நாறும்?"

இருளாண்டி தரையைப் பார்த்தார். அப்புறம் எல்லாம் வந்தது. இலை சிவந்ததும் தாகம் என்று நினைத்தாராம். பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லையாம். தொட்டியில் கை வைக்கவில்லையாம். தன் பங்குக் குடிதண்ணியைத்தான் தினமும் ஊற்றினாராம்.

"வறண்ட தொண்டையோட படுத்தேன்மா."

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"செடி கேட்டுச்சா?"

உமையாள் கத்தியை எடுத்தார். அழுகின வேரை வெட்டினார். தண்டு வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் வெட்டினார். வேர் ஒன்றுகூட மிச்சமில்லை. சணல் கயிற்றைச் சேர்த்து அவரிடம் கொடுத்து, வேலிக் கம்பியில் தலைகீழாகக் கட்டச் சொன்னார்.

"மண்ணு இல்லாமலா? செத்துப்போயிரும்மா."

"லாரிக்கு முன்னால என்ன கட்டியிருந்தீங்கண்ணே?"

திருஷ்டிக்குக் கற்றாழை, என்றார். எல்லா லாரியிலும் கட்டுவதுதான்.

"எத்தனை நாள் தொங்குச்சு?"

"மூணு வருஷம். ஒரு தடவை பூத்துச்சு."

"பின்னால எவ்வளவு தண்ணி?"

"பன்னிரண்டாயிரம் லிட்டர்."

"முன்னால தொங்குனதுக்கு எவ்வளவு ஊத்துனீங்க?"

இருளாண்டி சணலைப் பிரித்தார்.

முதல் செடியைக் கட்டினார். இரண்டாவதுக்கு அவரே கத்தியைக் கேட்டு வாங்கினார். ஏழும் தொங்கியதும் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் பை இல்லை.

உமையாள் ஒரு டம்ளர் தண்ணியை நீட்டினார்.

"இதை நீங்க குடிங்க."