மாப்பிள்ளைத் தோணி மணலில் ஏறிய கதை

சட்டிப்பட்டிச் செம்புலிங்கத்துக்குத் தீவில் பெண் அமைந்தது. கல்யாணத்தன்று பட்டு வேட்டியும் மாலையுமாக அவன் பாய்மரத் தோணியில் ஏறி உட்கார்ந்தான். கூடவே தாய்மாமன் வேலாண்டியும், தோழன் கூத்தனும். மூவருமே கண்மாயைத் தாண்டித் தண்ணீர் பார்த்ததில்லை. ஆனால் சொன்ன சொல் தட்டாதவர்கள்.

தோணி கொடுத்தவர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார்: “மணல் திட்டு தெரிஞ்சா உடனே பாயைச் சுருட்டிடுங்க.”

திட்டு தெரிந்தது. வேலாண்டி மாமா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேலே காற்றில் புடைத்த பாயோடு தோணி பறந்துபோய் மணலில் ஏறிக் குந்தியது.

“சரியாச் சுருட்டலையோ மாமா?” என்றான் செம்புலிங்கம்.

மாமா பாயைப் பிரித்து, இன்னும் இறுக்கிச் சுருட்டினார். தோணி அசையவில்லை. தீவிலிருந்து மேளச் சத்தம் வேறு கேட்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு தீவை எட்டி எட்டிப் பார்த்தான்.

அந்தப் பக்கமாக வந்த மீனவர் ஒருவர், “பயப்படாதீங்க, தண்ணி ஏறினா தோணி தானாக் கிளம்பிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“தண்ணி எப்படிடா ஏறும்? அதுக்கென்ன காலா இருக்கு?” என்றார் மாமா.

“நாமதான் ஏத்திவிடணும்” என்றான் கூத்தன்.

சீருக்குக் கொண்டுவந்த அண்டாவால் கடலை மொண்டு மொண்டு தோணிக்குள் ஊற்றினார்கள். தேங்காய் மிதந்தது. வெற்றிலை மிதந்தது. தோணி மட்டும் மிதக்கவில்லை.

திரும்பி வந்த மீனவர் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், தண்ணிய வெளிய இறைங்கய்யா! அப்புறம் மூணு பேரும் இறங்கி ஒரே மூச்சாத் தள்ளுங்க!” சொன்னவர், நின்றால் தனக்கும் தொற்றிக்கொள்ளும் என்று பயந்தவர்போல வேகமாகத் துடுப்புப் போட்டுப் போய்விட்டார்.

இறைத்தார்கள். இறங்கினார்கள். தள்ளப் போகிற நேரம் கூத்தன் கையை உயர்த்தினான்.

“ஒரே மூச்சுன்னாரே, யாரோட மூச்சு?”

நியாயமான கேள்வி. மூவரும் யோசித்தார்கள்.

“வயசுல மூத்தவரு நீங்க. நீங்களே விடுங்க மாமா” என்றான் செம்புலிங்கம் பெருந்தன்மையாக.

மாமா கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மூச்சு விட்டார். மற்ற இருவரும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் தள்ளினார்கள். செம்புலிங்கத்துக்குக் கண் பிதுங்கியது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நல்லவேளை, அதற்குள் கடல் பொங்கி இடுப்புக்கு வந்தது. தோணி குலுங்கி எழுந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு, தீவைப் பார்த்து ஓடியே போய்விட்டது.

“கிளம்பிருச்சு! கிளம்பிருச்சு!” மூவரும் திட்டின்மேல் நின்று கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். செம்புலிங்கத்துக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆளில்லாத தோணி கரையேறியதைக் கண்டு பதறிப்போன பெண்ணின் அப்பா, வள்ளத்தை விரட்டிக்கொண்டு வந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றார் மாப்பிள்ளை.

“தோணி பத்திரமா வந்து சேந்துச்சா மாமா?”

“அது சேந்துச்சு மாப்ளே! முகூர்த்தம் தப்பப் போகுது, சீக்கிரம் ஏறுங்க!”

செம்புலிங்கம் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஐயையோ, முகூர்த்தம் தப்பலாமா? எங்கள ஏத்தி இறக்கி நேரத்த வீணாக்காதீங்க. நீங்க முன்னாடி போய்ச் சட்டுபுட்டுன்னு தாலி கட்டுறத முடிச்சிடுங்க. நாங்க மெதுவாப் பந்திக்கு வந்துடறோம்!”