விளையாட்டுதானே

“சாமி, விளையாட்டு எப்ப வளரும்?”

குணசீலன் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார்.

சாமி தலை நிமிரவில்லை. மடத்து முற்றத்தின் கல்தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மலை உச்சியிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து போகும் இடம் அது. சாமிக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கேட்டவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

“எந்த விளையாட்டு ஐயா?”

“வீடியோ கேம். நான் அதைச் செய்யறவன்.”

“நல்ல வேலையாச்சே.”

“என்ன நல்ல வேலை? வாள், அரக்கன், மாயக்கோட்டை. வெட்டு, ஓடு, மறுபடியும் வெட்டு. சினிமா எங்கேயோ போயிடுச்சு. கதை எழுதறவங்க எதை எதையோ தொட்டுட்டாங்க. நாங்க மட்டும் இன்னும் அரக்கனை வெட்டிக்கிட்டே இருக்கோம். வாயைத் திறந்து ஏதாவது சொன்னா, ‘விளையாட்டுதானே’ன்னு சிரிக்கிறாங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியுது.”

சாமி ஒரு கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டார்.

“அதனால?”

“அதனால வேற ஒண்ணு செஞ்சேன்.”

செய்ததைச் சொன்னார்.

அவர் மனைவி ரேணுகா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். அவளுடைய கடைசி நாட்களை அவர் ஒரு கேமாக ஆக்கினார். ஆஸ்பத்திரி அறை. ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு நாற்காலி. ஆடுகிறவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கலாம். ஜன்னல் திரையை விலக்கலாம். கையைப் பிடித்துக்கொள்ளலாம். கடைசியில் கட்டில் காலியாகிவிடும்.

“யார் ஆடினாலுமா?”

“யார் ஆடினாலும். அதுதானே உண்மை?”

“யார் ஆடினாங்க?”

“முதல்ல என் பொண்ணுகிட்டதான் கொடுத்தேன். அகல்யா. காலேஜ் படிக்கிறா. பாதியிலேயே மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டா. அன்னையிலேருந்து என்கூடக் காய்.”

சாமி சிரித்துவிட்டார். “காயா! இன்னும் பழம் விடலையா?”

“சிரிக்காதீங்க சாமி. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசறதில்லை. கதவைச் சாத்திக்கிட்டு என்னோட பழைய கேமை ஆடறா. அதே வாள், அதே அரக்கன். பெத்தவளைப் பத்தின ஆட்டம் வேணாம், வெட்டற ஆட்டம்தான் வேணும். என் வீட்டு லட்சணமே இப்படி இருந்தா ஊரைச் சொல்லி என்ன? அதான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அந்தப் பழைய கேம் எங்க கம்பெனி சர்வர்லதான் ஓடுது. திங்கட்கிழமை அதை அணைச்சுடப் போறேன். அப்புறம் உலகத்துல யாரும் அதை ஆட முடியாது.”

“அகல்யாவும்.”

“அகல்யாவும்தான்.”

“முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் இவ்வளவு தூரம் எதுக்கு ஐயா மலை ஏறினீங்க?”

குணசீலன் ஒரு குரங்கைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

“நான் செய்யறது சரின்னு யாராவது சொல்லணும் சாமி.”

சாமி மடியிலிருந்து இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“தாயம் போடுங்க.”

“நான் விளையாட வரலை.”

“தாயம் போடாதவங்ககிட்ட நாங்க பேசறதில்லை. மடத்து வழக்கம்.”

அப்படி ஒரு வழக்கம் அந்த மடத்தில் அதுவரை இருந்ததில்லை.

குணசீலன் உருட்டினார். மூன்று. உருட்டினார். நாலு. கட்டைகள் கல்லில் மோதுகிற சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. என்ன எடை, எவ்வளவு உருள்கிறது என்று கை தானாகக் கணக்குப் போட்டது. வெயில் முற்றத்தின் பாதியைக் கடந்த பிறகு ஒன்று விழுந்தது, தாயம்.

“பேசலாமா?”

“ஆடிக்கிட்டே பேசலாம்.”

குணசீலனுக்குக் காய், புளியங்கொட்டை. சாமிக்கு ஓட்டுச் சில்லு.

பேச்சு அதிகம் நடக்கவில்லை. ஆட்டம் நடந்தது. ஒருமுறை சாமியின் சில்லு நேர் முன்னால் தனியாக நின்றது. குணசீலன் அதை விட்டுவிட்டு வேறொரு கொட்டையை நகர்த்தினார்.

“என்னை வெட்டியிருக்கலாமே?”

“வெட்டறதை விட்டுட்டேன் சாமி.”

“பரவாயில்லை,” என்றார் சாமி.

கொட்டைகள் வெளிக்கட்டங்களைச் சுற்றி வந்தன. உள்ளே திரும்பும் இடத்தில் குணசீலன் கையை வைத்தார்.

“ம்ஹூம்,” என்றார் சாமி. “ஒரு வெட்டாவது வெட்டியிருக்கணும். இல்லாட்டி உள்ளே விட மாட்டாங்க. சுத்துங்க.”

“மட்டமான விதி.”

“இருக்கலாம். உங்க ஆஸ்பத்திரி ஆட்டத்துல உள்ளே போக என்ன விதி?”

“விதியே கிடையாது. ஆரம்பத்திலேயே அறைக்குள்ளதான் இருப்போம்.”

“வெளியே வர?”

“வெளியே எதுக்கு வரணும்?”

“கதவுன்னு ஒண்ணு இருக்குமே.”

குணசீலன் வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு அவர் ஒரு மாதம் உழைத்திருந்தார். காலை வெளிச்சம், மாலை வெளிச்சம், திரைச்சீலையின் மடிப்பு எல்லாம் கச்சிதமாக வந்திருந்தன.

“கதவு வைக்கலை,” என்றார்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். “ரேணுகா போன அன்னைக்கு அகல்யா அறைக்குள்ள வரலை சாமி. எவ்வளவோ கூப்பிட்டேன். வராந்தாவிலேயே நின்னுட்டா.”

சாமி கட்டைகளை அவர் பக்கம் தள்ளினார். “உங்க முறை.”

குணசீலன் பார்க்காமல் உருட்டினார். விழுந்த எண்ணை எண்ணி நகர்த்தினார். கொட்டை சாமியின் சில்லு இருந்த கட்டத்தில் போய் நின்றது.

“ஐயோ, செத்தேன்!” என்று சாமி கூவினார். குரங்கு மதிலுக்குத் தாவியது. சில்லை எடுத்து வெளியே போட்டுவிட்டு, கட்டைகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினார். தாயம்.

“பொறந்துட்டேன்,” என்று சில்லை மறுபடி உள்ளே வைத்தார்.

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் குணசீலன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கொட்டை உள்ளே போயிற்று. நடுக்கட்டத்தை எட்டியதும் அவரை அறியாமல் குரல் உயர்ந்தது.

“பழம்!”

“சபாஷ். பழுத்ததை என்ன பண்ணணும்?”

“வெளியே எடுத்துடணும்.”

“இது?” சாமி தரையில் இருந்த கட்டங்களைக் காட்டினார். “இது எப்பப் பழுக்கும்?”

“இது எப்படிப் பழுக்கும்? இது வெறும் கோடு. பழுக்கறது காய்தானே...”

குணசீலன் நிறுத்தினார்.

சாமி சாக்கட்டித் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “உங்க பொண்ணு அந்த வாள் ஆட்டத்துல என்ன பண்றா?”

“அதான் சொன்னேனே. அரக்கனை வெட்டறா.”

“பார்த்தீங்களா?”

“கதவு சாத்தியிருக்கு சாமி.”

“நீங்க கட்டின கோட்டைதானே ஐயா? வேற வழி தெரியாதா உங்களுக்கு?”

குணசீலன் மலை இறங்கினார்.

மறுநாள் மாலை தன் அறையில் உட்கார்ந்து, தான் செய்த கேமுக்குள் புதிதாக வந்தவரைப் போல நுழைந்தார். புதுப் பெயர், மொண்ணை வாள். அடுத்த அறையில் அகல்யாவின் கதவு சாத்தியிருந்தது.

பெரிய கோட்டைகளில் தேடினார். அங்கே அவள் இல்லை. எரிமலையில் இல்லை. கடைசியில் ஆட்டத்தின் தொடக்கத்துக்கே வந்தார். ஒரு மரப்பாலம். அதில் ஓர் அரக்கன். ஆடத் தெரியாதவர்களுக்காக வைத்தது. பச்சைப்பிள்ளைகூட அவனை வீழ்த்திவிடும்.

ரேணுகா மட்டும் அவனை ஒருநாளும் வீழ்த்தியதில்லை. விழுவாள், சிரிப்பாள், எழுந்து, “இதோ வந்துட்டேன்டா” என்று மறுபடி ஓடுவாள். அந்தப் பாலத்தை அவள் தாண்டியதே இல்லை. தாயும் மகளும் இதே வீட்டில், அதே கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

தலைக்கு மேல் பெயர் மிதக்க, அகல்யா பாலத்தில் நின்றிருந்தாள். வாள் உறையில் இருந்தது.

அரக்கன் ஓங்கினான். அவள் நகரவில்லை. விழுந்தாள். பாலத்தின் இந்தப் பக்கம் எழுந்தாள். நடந்துபோய் அதே இடத்தில் நின்றாள். விழுந்தாள். எழுந்தாள்.

குணசீலன் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

பிறகு நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். வாளை உறையில் போட்டார். அரக்கன் ஓங்கினான். இரண்டு பேரும் விழுந்தார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள்.

திரையின் கீழே எழுத்துகள் வந்தன.

“யார் நீ?”

“அப்பா.”

அவள் பாலத்தை நோக்கி நடந்தாள். அவரும் நடந்தார். விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடியும் விழுந்தார்கள்.

எழுந்தபோது எழுத்துகள் வந்தன.

“உங்க ஆஸ்பத்திரியில அம்மா ஒரே ஒரு தடவை எழுந்திரிக்கலாமாப்பா?”

குணசீலன் மெதுவாக அடித்தார்.

“எழுந்தா அது பொய்யாயிடுமே கண்ணு.”

சுவருக்கு அப்பால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பல நாளாகக் கேட்காத குரல் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“விளையாட்டுதானேப்பா.”