நான்கு மூலைகள்

"இறங்குங்கள், காங்" என்றார் கியாய்.

கஸ்வான் படகின் விளிம்பைப் பிடித்தபடி கீழே பார்த்தார். கலங்கல் நீர். அடி தெரியவில்லை.

"இங்கேயா?"

"உங்கள் நிலம்தானே."

ஜாவாவின் வடகரையில் ஓதிக்கொடுப்பவரைக் கியாய் என்பார்கள். தன்னைவிட மூத்த ஆளைக் காங் என்று கூப்பிடுவார்கள். கியாய் தல்ஹாவுக்கு நாற்பத்தொன்று. அவரிடம் பதினோரு வருடங்களாகப் பாடம் கேட்டுவரும் கஸ்வானுக்கு ஐம்பத்தொன்பது. பாடத்தின் நடுவே எழுந்து கேள்வி கேட்கிறவர் கஸ்வான் ஒருவர்தான்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். நீர் மார்புவரை வந்தது.

ஏழு வருடங்களுக்கு முன்னால் இது அவருடைய இறால் குட்டை. அதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் நெல்வயல். கடல் முதலில் உப்பாக வந்தது, நெல் போயிற்று. பிறகு அலையாக வந்தது, குட்டையின் கரை போயிற்று. பட்டணத்து நில ஆபீஸில் கடல் கொண்டுபோன நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கஸ்வான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரத்தை பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினார். குட்டையின் நான்கு மூலைகள் இருந்த இடத்தைக் கணக்காகப் பார்த்து நான்கு மூங்கில் கழிகளை நட்டார். ஒன்று சாய்ந்தால் அடுத்த வாரம் வேறொன்று நிற்கும். நான்கு மூலையும் நிற்கிறவரை நிலம் சாகாது என்பது அவர் எண்ணம்.

மீன்பிடிக்கிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது கேலி செய்தார்கள். காங் கஸ்வானின் இறால்கள் இந்நேரம் சுரபாயா போய்ச் சம்சாரம் நடத்திக்கொண்டிருக்கும் என்றார்கள்.

அதிகம் கேலி செய்தவர் ரஸ்மாடி. இன்று விடிவதற்கு முன்னால், கடல் ஏற்றத்தில், வலையோடு திரும்பி வந்த அவருடைய படகு கழி ஒன்றின் முறிந்த அடிக்கட்டையில் மோதிக் கவிழ்ந்தது. ஒரு சாண் நீருக்கடியில் இருந்த கட்டை. விடிந்தபோது அவரை அவருடைய வலையிலிருந்தே எடுத்தார்கள்.

வெயில் ஏறியதும் கஸ்வான் கியாயிடம் வந்தார். என் நிலத்தில் நான் கழி நட்டேன், அதில் மோதி ஒருவர் இறந்தால் அது என்மேல் வருமா என்று கேட்டார். கியாய் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார். துணியை மடித்து வைத்தார். கஸ்வானைக் கூட்டிக்கொண்டு படகை நோக்கி நடந்தார்.

"கால் தரையில் படுகிறதா?" என்று இப்போது கேட்டார்.

"படுகிறது. சேறு."

"யாருடைய சேறு?"

"என்னுடையது" என்றார் கஸ்வான் உடனே. "பத்திரம் இருக்கிறது."

கியாய் தலையசைத்தார். "கழிகளைப் பிடுங்குங்கள்."

"எதற்கு?"

"சந்தூக்கு கட்ட மூங்கில் வேண்டும்."

இறந்தவர் உடலை, மையத்தை, சுமக்கத் தொழுகைக் கூடத்தில் இரும்புச் சந்தூக்கு ஒன்று இருந்தது. போன மழையில் அதன் கால்களை உப்பு தின்றுவிட்டது.

கஸ்வான் மூலைக்கு மூலை நடந்தார். ஒவ்வொரு கழியையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கிப் படகில் போட்டார். மூன்று ஆயிற்று. நான்காவது மூலையில் நின்றுவிட்டார்.

"அதையும்" என்றார் கியாய்.

அந்தக் கழி முறிந்து பத்து நாளாகிறது. ரஸ்மாடி வந்து சொல்லியிருந்தார், அந்தக் கட்டை யாரையாவது கொண்டுபோகப் போகிறது, ஒரு துணியையாவது கட்டுங்கள் காங் என்று. கஸ்வான் ஆகட்டும் என்றார். வீட்டின் பின்னால் மேடு போட மண் சுமக்கும் வேலை இருந்தது.

சேற்றில் புதைந்த அடியை மூழ்கித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. இரண்டு முறை வெறுங்கையோடு மேலே வந்தார். மூன்றாம் முறை கட்டையோடு வந்தார். ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அதன் முறிந்த முனையில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. ரஸ்மாடியின் படகு நீலம்.

கியாய் அதை வாங்கி மற்ற கழிகளோடு வைத்தார். கரைக்குப் பாதி தூரம் வந்தபிறகு கேட்டார்.

"ரஸ்மாடி எங்கே இறந்தார், காங்?"

கஸ்வான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய வயலிலோ குட்டையிலோ யார் இறந்தாலும், கபர் குழி தோண்டும் இடத்தை அந்த நிலத்துக்காரர்தான் தன் நிலத்திலிருந்து கொடுக்க வேண்டும். இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் கேள்வியில்லை. இடி விழுந்து இறந்த பானை வியாபாரி ஒருவருக்குக் கஸ்வானின் அப்பாவே வயல் மூலையில் இடம் கொடுத்திருக்கிறார். அந்த இடமும் இப்போது நீரில்தான் இருக்கிறது.

கஸ்வானுக்கு நனையாத மண் என்று மிஞ்சியது ஒரே ஒரு மேடு. அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே. வீட்டின் பின்னால் இரண்டு வருடமாகத் தலையில் சுமந்து கொட்டியது. நீளம் பன்னிரண்டு தப்படி, அகலம் ஒன்பது. சரியாக வீட்டின் அளவு. வீட்டுக்குள் தரையை மூன்று முறை உயர்த்தியதில் வாசல் பாதியாகிவிட்டது. தொழாதவனும் கஸ்வான் வீட்டில் குனிந்து ருகூ செய்துதான் நுழைகிறான் என்று ரஸ்மாடி சொல்லுவார். அப்படியும் ஏற்றத்தில் கட்டில்கால் நனைந்தது. அவர் மனைவி வகினாவின் பாதங்களில் வந்த புண் ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஆறவே இல்லை.

வருகிற வியாழக்கிழமை ஊர் ஆண்கள் நாற்பது பேர் வந்து வீட்டை அப்படியே தூக்கி மேட்டில் வைப்பதாக ஏற்பாடு. மேட்டில் நான்கு கற்கள் தயாராக இருந்தன. நடுத்தூண்கள் நான்கும் அவற்றின்மேல் நிற்கும். சேற்றுக் கரையில் கல் கிடைக்காது. தெற்கே மலையடிவாரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தவை.

ஒரு கபர் தோண்டினால் வீடு அங்கே நிற்காது.

படகு தரை தட்டியது. கஸ்வான் இறங்கிப் படகைக் கரைக்கு இழுத்தார்.

ரஸ்மாடியின் வீட்டு முற்றத்தில் கணுக்கால் நீர் நின்றது. பலகைகள் போட்டு அதன்மேல் ஆட்கள் நின்றார்கள். மையத்தைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கியாய் ஓரமாக உட்கார்ந்து கழிகளைக் கயிற்றால் கட்டத் தொடங்கினார். முறிந்த கட்டையை நறுக்கிக் குறுக்குச் சட்டமாக வைத்தார்.

ஊர்த் தலைவர் வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. கஸ்வானைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இறந்த இடம் யாருடையது?"

முற்றத்திலிருந்து பார்த்தால் மேடு தெரிந்தது. காய்ந்த மண்ணில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது.

ரஸ்மாடியின் மனைவி தஸ்மி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"கடல்" என்றார் கஸ்வான்.

"கேட்கவில்லை, காங்."

"கடலுடையது. ஆபீஸில் அப்படித்தான் சொன்னார்கள்."

ஏழு வருடமாக அந்த ஆபீஸைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். யாரும் சிரிக்கவில்லை. கியாய் நிமிரவும் இல்லை. கட்டிய முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சைப் போட்டார்.

பிறகு ஆட்கள் மேலே ஆக வேண்டியதைப் பேசினார்கள். தெற்கே போகும் சாலை மூழ்கியிருந்தது, மையத்தோடு போக முடியாது. ஊர்க் கபரஸ்தான்தான். அங்கே இரண்டு முழம் தோண்டினால் நீர். போன மாதம் அடக்கிய மையத்தின் பலகை ஏற்றத்தில் மேலே வந்துவிட்டது. இந்தத் தடவை பாரம் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். பாரத்துக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர்.

"என் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கஸ்வான். "இரண்டு."

அவர் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. அவரே போய் முதல் கல்லைப் புரட்டினார். அதைக் கைவண்டியில் ஏற்றி முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது தஸ்மி முதல்முறையாகப் பேசினார். கியாயிடம்தான்.

"நெஞ்சில் வைக்க வேண்டாம் கியாய். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு."

"கால்மாட்டில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று வைக்கிறோம்" என்றார் கியாய்.

"சரி."

குழியில் மூன்று பேர் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. தாமதித்தால் ஏற்றம் வந்துவிடும் என்பதால் முழங்கால் நீர் இருக்கும்போதே இறக்கினார்கள். பலகை போட்டு, கற்களை வைத்து, மண்ணைத் தள்ளினார்கள். மண் என்பது பாதி நீர். சந்தூக்கின் ஒரு முனையைக் கஸ்வான் சுமந்து வந்திருந்தார். முறிந்த கட்டை இருந்த முனை.

எல்லோரும் போனபிறகு கியாயின் அருகில் வந்து நின்றார். காலையில் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றார். கியாய் காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை சந்திப்போம் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை நாற்பது பேரும் வந்தார்கள். சிலராவது வரமாட்டார்கள் என்று கஸ்வான் நினைத்திருந்தார். வந்துவிட்டார்கள். இரவெல்லாம் யாரெல்லாம் வரமாட்டார்கள் என்று வகினாவிடம் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தஸ்மி மற்றப் பெண்களோடு சோறு வடித்தார். வீடு தூக்கும் நாளில் எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் வர வேண்டும். அவர் வீட்டில் இப்போது அவர்தான் இருந்தார்.

ஓடுகளை முன்தினமே இறக்கிவிட்டார்கள். தூண்களின் குறுக்கே மூங்கில்களைக் கட்டி ஒவ்வொருவரும் தன் இடத்துக்குப் போனார்கள். இடது முன்மூலை காலியாக இருந்தது. எப்போதும் அது ரஸ்மாடியின் இடம். அங்கிருந்துதான் அவர் எண் சொல்லுவார், மூன்று என்றதும் வீடு எழும்பும். கியாய் சட்டையைக் கழற்றி ஒரு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மூலையில் போய்க் குனிந்தார்.

எண் சொல்ல ஆளில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்கினார்கள். வீடு கோணலாக எழும்பியது.

வீட்டுக்காரர் வீட்டின் முன்னால் மதிப்புள்ள பொருளை ஏந்தி நடக்க வேண்டும். கஸ்வான் பிஸ்கட் டப்பாவோடு நடந்தார். பின்னால் நாற்பது பேரின் மூச்சு கேட்டது. மேட்டின் மேல் ஏறித் திரும்பினார். இரண்டு கற்கள் இருந்தன. மற்ற இரண்டும் இருந்த இடத்தில் வட்டமாக ஈரத்தடம்.

ஆட்கள் வீட்டைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். கஸ்வான் கியாயின் முன்னால் வந்தார். கியாயின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கியாய், அன்று நான் சொன்னது பொய்யா?"

கியாய் அவரைப் பார்த்தார். மூங்கிலின் கீழே அவர் முகம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

"வீடு எங்கள் தோளில் இருக்கிறது, காங். எங்கே இறக்குவது என்று சொல்லுங்கள்."

கஸ்வான் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கையை நீட்டி இடத்தைக் காட்டினார்.

இறக்கினார்கள். தெற்குத் தூண்கள் இரண்டும் கல்லில் உட்கார்ந்தன. கடல் பக்கத்துத் தூண்கள் மண்ணில் உட்கார்ந்து, நின்ற நிலையிலேயே நான்கு விரல் கீழே போயின. வீடு கடலைப் பார்த்துச் சாய்ந்தது. யாரோ மர ஆப்புகளைக் கொண்டுவந்து அடித்தார்கள். ஒரு தூண் ஓரளவு நிமிர்ந்தது. இன்னொன்றின் அடியில், ஆப்புக்கும் தூணுக்கும் நடுவே, சிறு இடைவெளி மிஞ்சியது. மாலைக்குள் மண் இறுகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

தஸ்மி இலைகளில் சோறு வைத்துக்கொண்டு போனார். கியாய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்வான் தூணின் அருகே குந்தினார். டப்பாவைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து இடைவெளியில் செருகினார். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாப்பிட எழுந்து போனார்.