தளபதிக்கு எட்டுக் கல், அமைச்சருக்கு ஐந்து

முன்னொரு காலத்தில் ஆலங்காட்டு நாட்டைச் சேந்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு முடிவும் மாலையில் வேறொரு முடிவும் எடுக்கிறவன். அவன் நாட்டுக்கு உப்பு வண்டிகள் வரும் கணவாயை மலைக்காரர்கள் பாறை அடுக்கி அடைத்துவிட்டார்கள். தளபதி கடம்பன் அவர்களுடைய மாடுகளைப் பிடித்துவந்ததுதான் காரணம். இரண்டு முறை படை போயிற்று. இரண்டு முறையும் சுவர் உயர்ந்ததே மிச்சம்.

"மூன்றாம் முறையும் போகிறேன்" என்றான் கடம்பன்.

"வேண்டாம் அரசே. மாடுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார் அமைச்சர் பூதனார்.

அமைச்சர் பேச்சு அவையில் எடுபடுவது கடம்பனுக்குப் பிடிக்காது. "இரும்பையே தொடாதவர். பயம் இருக்கத்தானே செய்யும்?" என்று சிரித்தான்.

"அப்படியானால் இரும்பிலேயே பார்த்துவிடுவோம்" என்றான் அரசன். "இந்த அவைச் சுவரின் துளையில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி நுனியில் எடைக்கல் தொங்கவிடுங்கள். குறைந்த கல்லில் வளைப்பவர் சொன்னபடி நடக்கும். தோற்றவருக்குப் பதவி இல்லை."

கடம்பன் முந்திக்கொண்டான். ஏழு கல் வரை, கல்லை எடுத்ததும் கம்பி நிமிர்ந்துகொண்டது. எட்டாவது கல்லில் வளைந்தது. எடுத்த பிறகும் வளைந்தே நின்றது.

காவலன் புதுக் கம்பி கொண்டுவந்தான். "எதற்கு? இதையே இவர் வளைக்கட்டும்" என்று தடுத்தான் கடம்பன். வளைத்த இரும்பு மேலும் வளைய முரண்டு பிடிக்கும் என்பது வாள் பிடித்தவனுக்குத் தெரியும்.

"இதுவே போதும். உங்கள் எட்டுக் கல்லையே இன்னொரு முறை தொங்கவிடுங்கள், தளபதியாரே" என்றார் பூதனார்.

தொங்கவிட்டு எடுத்தான். கம்பி இருந்த இடத்திலேயே நின்றது.

"பார்த்தீரா? எட்டுக்கே மசியவில்லை. நீர் என்ன செய்வீர்?"

பூதனார் கம்பியை உருவினார். புரட்டி, வளைந்த நுனி மேலே பார்க்கும்படி செருகினார். ஐந்தாவது கல்லில் நுனி இறங்கியது. கல்லை எடுத்தும் ஏறவில்லை.

"கள்ளாட்டம்!" என்று கத்தினான் கடம்பன்.

"எந்தப் பக்கம் என்று நான் சொன்னேனா?" என்றான் அரசன். "ஆனாலும் பூதனாரே, இது எப்படி?"

"அழுத்திய பக்கத்துக்கு இரும்பு விறைத்துக்கொள்கிறது, அரசே. எதிர்ப்பக்கத்துக்கு அவ்வளவு விறைப்பு இல்லை. மலையிலும் இரண்டு முறை ஒரே பக்கம்தான் அழுத்தியிருக்கிறோம்."

அரசன் கம்பியைத் தடவிப் பார்த்தான். "சரி. மாடுகள் போகட்டும். கடம்பா, வாளைக் கீழே வை."

"இவர் பதவியைப் பறிக்க வேண்டாம், அரசே" என்றார் பூதனார். "மாடுகளை இவரே ஓட்டிப் போகட்டும். பிடித்துவந்தவருக்குத்தானே வழி தெரியும்?"

அவை சிரித்தது. கடம்பன் தலைகுனிந்தபடி மாடு ஓட்ட ஒரு கோலை எடுத்தான்.

அவன் மலையிலிருந்து திரும்பி வந்தபோது பின்னால் உப்பு வண்டிகள் வந்தன. முதல் மூட்டையைப் பூதனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரசன் கேட்டான்: "சுவரை எப்படி இடித்தாய்?"

"இடிக்கவில்லை, அரசே. மாடுகளைப் பார்த்ததும் அவர்களே பாறைகளை எடுத்தார்கள். நான் ஓரமாக நின்றேன்."