முள்ளம்பன்றியின் பொடிநடை

ஆற்றங்கரையோரம் வரிசையாக மூன்று பூங்காக்கள். முதல் பூங்காவில் அஞ்சலை என்ற முள்ளம்பன்றி வசித்தாள். மூன்றாவது பூங்காவில் அவளுடைய தங்கை. அந்தத் தங்கைக்குக் குட்டி பிறந்திருக்கிறது என்று மைனா ஒன்று வந்து சொல்லிவிட்டுப் போயிற்று.

பிறந்த புதிதில் முள்ளம்பன்றிக் குட்டியின் முள் மெத்தென்று இருக்கும். சில நாட்களில் விறைத்துவிடும். அதன் பிறகு அதை யார் கட்டிக்கொள்ள முடியும்?

"அதுக்குள்ள ஒரே ஒரு தடவை நெஞ்சோட சேர்த்து வெச்சுக்கணும்" என்றாள் அஞ்சலை.

சின்ன ஆசைதான். ஆனால் போன மழைக்காலத்தில் அவளுடைய பின்னங்கால் ஒன்று கம்பிவேலியில் மாட்டி நைந்து போயிருந்தது. அன்றிலிருந்து அவள் வளை வாசலைத் தாண்டவில்லை.

உடனே நண்பர்கள் கூடிவிட்டார்கள். வாயால் வழி போடுகிறவர்களுக்கு என்றைக்குக் கால் வலித்திருக்கிறது?

"இதென்ன பெரிய தூரமா? பொடிநடை!" என்றது குரங்கு. "படிக்கட்டு ஏறினா ரெண்டாவது பூங்கா. அப்புறம் ஒரு சுவர். ஒரே தாவல்!"

"யாரு தாவறது?" என்றாள் அஞ்சலை.

"படியே வேண்டாம்க்கா. ஆத்துல இறங்கிடுங்க, தண்ணியே தள்ளிக்கிட்டுப் போய் விட்டுடும்!" என்றது நீர்நாய்.

"எங்கே, கடல்லயா?"

"நடுவுல அந்த மண்மேட்டு மேல ஏறிட்டுப் போகலாம். அங்கேருந்து பார்த்தா ஆறு என்ன அழகு தெரியுமா!" என்றது மயில். அதற்கு அதன் கவலை.

"பக்கத்துலதான்க்கா" என்றது கீரி. "காலையில மட்டும் நான் ரெண்டு தடவை போயிட்டு வருவேன்!"

கடைசியில் குரங்கின் வழி என்று முடிவாயிற்று. அதுதான் எல்லாரையும் விடச் சத்தமாகப் பேசியது.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டார்கள். நண்பர்கள் முன்னால், அஞ்சலை பின்னால். கொஞ்ச தூரம் போவார்கள், நிற்பார்கள், "வாங்கக்கா, வாங்க!" என்பார்கள். அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்று நடையைக் கட்டுவார்கள்.

பதினோராவது படியில் அவளுடைய கால் மடங்கியது. உருண்டு கீழே வந்து விழுந்தாள்.

குரங்கு ஓடிவந்து தூக்கப் பார்த்தது. "ஐயோ அம்மா!" கையில் ஆறு முள்! முள்ளம்பன்றியைத் தூக்கிக்கொண்டு போக யாரால் ஆகும்? எல்லாரும் சுற்றி நின்று கையைப் பிசைந்தார்கள். வெயில் ஏறியது. நடைப்பயிற்சி மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். அஞ்சலை அரளிச் செடிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்து, ஆள் நடமாட்டம் குறைந்ததும் தவழ்ந்து தவழ்ந்து வீடு போய்ச் சேர்ந்தாள்.

"இனிமே யாரும் என் வாசலுக்கு வராதீங்க" என்றாள். "எனக்குக் குட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கீரிக்கு மனசே ஆறவில்லை. பக்கத்தில்தான் என்று அதுவும்தானே சொன்னது?

அடுத்த நாள் அது தனியாகக் கிளம்பியது. ஒரு பின்னங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, மற்ற மூன்று கால்களால் நடந்தது.

"கீரியாரே, என்ன புது நாட்டியமா?" என்று அணில் சிரித்தது.

"உன் வேலையைப் பாருடி!" என்று சொல்லிவிட்டுக் கீரி நொண்டிக்கொண்டே போயிற்று.

முதல் பூங்காவைத் தாண்டுவதற்குள் அதற்கு இடுப்பு விட்டுப்போயிற்று. உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. தினமும் ஓடித் திரிகிற பாதைதான். இவ்வளவு நீளம் என்று அதற்கு இதுவரை தெரியவே தெரியாது!

சாயங்காலம் வளை வாசலில் வந்து விழுந்தது. "அக்கா!"

"போடா."

"ஏழு இடத்துல உக்காரணும். ஏழிலயும் நிழல் இருக்கு, பார்த்துட்டேன். படிக்கட்டு வேண்டாம். அதுக்குப் பின்னால குப்பை வண்டி தள்ளிக்கிட்டுப் போற சரிவு ஒண்ணு இருக்கு. சுவரில ஒரு ஓட்டை இருக்கு, நீங்க நுழையலாம். ஆனா உங்க நடைக்கு ஒரு நாள்ல முடியாதுக்கா. நடுப் பூங்காவுல தங்கிட்டுத்தான் போகணும்."

"பொடிநடைக்கு ரெண்டு நாளா?" என்று மரத்தின் மேலிருந்து மயில் சிரித்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?" என்று அஞ்சலை தலையை நீட்டிக் கேட்டாள்.

"மூணு கால்ல நடந்து பார்த்தேன்" என்றது கீரி.

அஞ்சலை வாசல்வரை நகர்ந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடியறதுக்கு முன்னாடியே வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

இந்தத் தடவை மற்ற நண்பர்கள் முன்னால் போனாலும், கீரி அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தது. அவள் முதல் நிழலுக்கு வந்து சேர்ந்ததும், அங்கே முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த குரங்கு எழுந்து, "சரி, கிளம்பலாமா?" என்றது.

"உக்காரு!" என்று சீறியது கீரி. "இவ்வளவு நேரம் நீ ஓய்வெடுத்தே. அக்கா எப்ப எடுத்தாங்க? இப்பதான் வந்திருக்காங்க!"

குரங்கு உட்கார்ந்தது. மயில் தோகையை விரித்து வெயிலை மறைத்தது. நீர்நாய் ஆற்றிலிருந்து ஈர இலைகளைக் கொண்டுவந்து அவளுடைய காலில் வைத்தது. சும்மா சொல்லக் கூடாது, அவர்களும் உருப்படியாக எதையாவது செய்யத் தெரிந்தவர்கள்தான்!

இரண்டாம் நாள் அந்தி சாய்வதற்குள் மூன்றாவது பூங்கா வந்துவிட்டது. தங்கை ஓடிவந்தாள். "நீ எப்படிக்கா வந்தே!" என்று அழுதுகொண்டே குட்டியை அவளிடம் விட்டாள். அஞ்சலை அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"முள் கெட்டியாக ஆரம்பிச்சிடுச்சேக்கா. குத்துதா?" என்றாள் தங்கை.

"லேசா" என்றாள் அஞ்சலை. குட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

துணைக்கு வருகிறேன் என்று சொல்பவர், தம் காலைக் கொண்டு அல்ல, கூட வருபவரின் காலைக் கொண்டே வழியின் தூரத்தை அளக்க வேண்டும்.