கழுவாத கொத்து

புதுச்சேரியில் ஒரு பெரிய ஹோட்டல். அங்கே கண்ணாடிக் கோப்பை கழுவுகிறவள் செவந்தி. ஒருநாள் தனகோடி என்கிற ஒயின் வியாபாரி வந்து தங்க லேபிள் பாட்டில்களை அடுக்கினார். "மருந்தே அடிக்காத தோட்டம். சுத்தமான இயற்கை ஒயின்!" பக்கத்தில் அதே தோட்டத்துத் திராட்சை ஒரு கூடை.

"லேபிளை யார் வேணும்னாலும் ஒட்டலாமே," என்றாள் செவந்தி.

தனகோடிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாட்டிலைத் திறக்காம, ஒரு சொட்டு குடிக்காம, பொய்னு காட்டு பார்ப்போம். முடியலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை!" முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

செவந்தி அந்தக் கூடையிலிருந்து ஒரு கொத்துத் திராட்சையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். "கோபம் வேண்டாங்கய்யா. முதல்ல ரெண்டு பழம் சாப்பிடுங்க."

தனகோடி பேச்சு மும்முரத்திலேயே கொத்தைத் தண்ணீரில் முக்கினார், அலசினார், மறுபடியும் முக்கினார்.

"ஒயினுக்குப் பழத்தைக் கழுவ மாட்டாங்களே ஐயா, அப்படியேதானே நசுக்குவாங்க?" செவந்தி கூடையிலிருந்து இன்னொரு கொத்தை நீட்டினாள். "இதைக் கழுவாம சாப்பிடுங்க."

அவர் கை நீளவே இல்லை. ஹாலில் கூடி நின்ற, படித்துப் பட்டம் வாங்கிய சமையல்காரர்கள், அந்தக் கோப்பை கழுவுகிற கையைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இப்போது அந்த ஹோட்டலுக்கு ஒயின் தேர்ந்தெடுப்பவள் செவந்திதான். வியாபாரிகள் கூடையோடுதான் வரவேண்டும். அவள் அறையில் தண்ணீர் மட்டும் கிடையாது.